சீனியின் நான்காம் கால்

புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. தூத்துக்குடியில் அந்த மாதத்தில் அந்த வேளைக்குக் கடற்காற்றுகூட எங்கோ போய்ப் படுத்துவிடும். கொடியில் கிடந்த வேட்டிகள் பலகை போல் தொங்கின. முருங்கையில் ஓர் இலை அசையவில்லை. வளவு முழுவதும் உண்ட மயக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்தது. காற்றில்லாத பொழுது என்பதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பிறகு அது தேவைப்படும்.

ஒரே இரும்புக் கேட்டுக்குள், நடுவில் கிணறும் துவைகல்லும் இருக்க, எதிரும் புதிருமாக வீடுகள் நிற்கும் குடியிருப்பை எங்கள் பக்கம் வளவு என்போம். எங்கள் வளவில் கேட்டை ஒட்டிய முதல் வீடு சண்முகவடிவினுடையது. சொந்தக்காரர் கோயம்புத்தூரில் இருந்ததால், அவருக்குச் சித்தி மகளாகிய அவளே வாடகை வாங்குவாள், வீடு விடுவாள், வேண்டாதவர்களை எழுப்பியும் விடுவாள். மீன் வாசனை பட்டால் தலை முழுகுகிற சைவம். கோலத்தில் அவளை விஞ்ச ஆளில்லை. கோகுலாஷ்டமிக்கு வளவின் எல்லா வீடுகளிலும் கண்ணன் பாதம் வரைந்து கொடுப்பவள் அவள்தான். மடக்கிய கை முட்டியின் பக்கவாட்டை மாவில் தோய்த்து ஓர் ஒற்று, விரல் நுனியால் ஐந்து புள்ளிகள், அவ்வளவுதான். குழந்தை அப்போதுதான் நடந்து போனதுபோல் இருக்கும். அவளுக்கு எதிர்வீட்டில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற ராயன் அண்ணாச்சி, மனைவியை இழந்தவர், ஒரு பூனையுடன் இருந்தார். அடுத்தது என் வீடு. அதற்கடுத்து பூரணம், உப்பு லாரி ஓட்டும் அவள் கணவன் சுடலைமணி. கடைசி வீட்டில், வந்து ஒரு மழைகூடப் பார்க்காத புதுக் குடித்தனமாக, செல்லக்கிளி என்ற தையற்காரி தனியாக இருந்தாள். கணவன் எட்டயபுரத்தில் இருக்கிறான் என்பதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது. தெரியாதது எதுவோ அதைப் பற்றித்தான் வளவு அதிகம் பேசும்.

அந்தப் பிற்பகலில் ஓர் அலறல் கேட்டது. உறக்கத்தில் கேட்ட ஒலிக்குத் திசை கிடையாது. எல்லாரும் அவரவர் கதவைத் திறந்து அடுத்தவர் கதவைப் பார்த்தோம். ராயன் அண்ணாச்சியின் பூனை சீனி, துவைகல்லுக்கு அடியில் பதுங்கிக் கிடந்தது. இடது பின்னங்கால், தைத்து முடிக்காத சட்டைக் கை போலத் தொங்கியது.

"எந்தப் பாவி செஞ்சது?" என்று அண்ணாச்சி கேட்டார். எல்லாருக்கும் முன்னால் தலையில் அடித்துக்கொண்டு, "பூனைப் பாவம் ஏழு தலைமுறைக்கு விடாதே!" என்றவள் சண்முகவடிவு.

கால்நடை மருத்துவர் எலும்பைக் கூட்டி, சிம்பு வைத்துக் கட்டி, கார்த்திகை பிறக்கும்வரை அந்தக் கால் தரையில் படக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். பூனை கட்டைக் கடித்துப் பிரிக்காதிருக்க, அண்ணாச்சி தம்முடைய பழைய நெஞ்சு எக்ஸ்ரேயைப் புனலாக வெட்டி அதன் கழுத்தில் மாட்டினார். வெயிலில் அது தலை திருப்பும்போதெல்லாம் அவருடைய விலா எலும்புகள் அதன் முகத்தைச் சுற்றித் தெரியும். பிரம்புக் கூடையில் பழைய வேட்டியை மடித்துப் போட்டுப் படுக்க வைத்தார்; சாளை மீனை அவித்து முள் எடுத்து ஊட்டினார்; மருந்து கொடுக்கும் வேளைகளில் நான் துண்டால் சுற்றித் தலையைப் பிடித்துக்கொள்வேன், அவர் கடைவாயில் சொட்டுவார்.

"ஒத்தப் பிள்ளைக்குக்கூட நான் இப்படிச் செஞ்சதில்ல டீச்சர்."

"பிள்ளை கடிக்காது. விரலைப் பார்த்து வையுங்கள்," என்பேன்.

திங்கட்கிழமை காலை, பெண்கள் வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்து, காப்பித் தம்ளருடன் நின்ற வேளையில், சீனி கூடையில் கட்டுண்டு கிடக்க, அதன் நான்காம் கால் மட்டும் நடக்கத் தொடங்கியது. கால் என்றேனே தவிரக் கண்ணுக்குத் தெரிந்தது தடம்தான்: ராயன் அண்ணாச்சி வாசலில், அவர் மனைவி காலத்து வழக்கம் விடாமல் அவரே போடும் கோணலான நட்சத்திரக் கோலத்தின் நடுவில் மாவு ஓரிடத்தில் அமுங்கியது, பிறகு ஈரத் தரையில், தூறலின் முதல் துளிகள் விழுவதுபோல, ஒன்றன்பின் ஒன்றாக, ஒற்றைக்கால் தடம், பின்னங்காலுக்குரிய நான்கு விரல்களுடன், வெள்ளை வெளேரென்று விழுந்துகொண்டே போயிற்று. பூரணம் சற்று விலகி வழி விட்டாள். அது அவள் வாசல்வரை போய், மீன் தலை போடுகிற மூலையில் கொஞ்சம் நின்று, என் வாசலுக்குத் திரும்பி, அங்கிருந்து கிணற்றை ஒட்டிக் கடைசி வீட்டுக்குள் நுழைந்து மறைந்தது.

"நடந்து பழகின காலு," என்றார் அண்ணாச்சி, கூடையைப் பார்த்தபடி. "கட்டிப் போட்டா சும்மா கிடக்குமா?"

அதற்கு மேல் அதில் வியக்க ஒன்றுமில்லை என்று வளவு அன்றே முடிவு செய்துவிட்டது. கட்டு மாற்றப் போனபோது, பிரிக்காத கட்டுக்குள் பாதத்தின் இடுக்கில் கோலமாவு இருப்பதைக் கண்டு மருத்துவர் மட்டும் கடிந்துகொண்டார். "நடக்க விட்டிருக்கீங்க பெரியவரே." "நான் விடலைங்க டாக்டர், அதுவா போகுது." "அப்ப இன்னும் இறுக்கிக் கட்டுறேன்," என்றார் மருத்துவர். இறுக்கிக் கட்டியும் கால் மறுநாள் காலை தன் வேளைக்குப் புறப்பட்டது.

கால் ஏன் போகிறது என்பதைவிட, எங்கே போகிறது என்பதே வளவுக்குப் பெரிதாயிற்று. அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் பூரணத்தின் கம்மல் காணாமற்போனபோது போலீஸ் நாய் வந்தது; கிணற்றைச் சுற்றி மோந்து, கடைசி வீட்டின் முன் போய்ப் படுத்துக்கொண்டது; அந்த வீட்டு அரிசிப்பானைக்குள் கம்மலும் கிடைத்தது. அன்று முதல், எது ஒரு வாசலைத் தேடிப் போய் நிற்கிறதோ அது அந்த வாசலைக் குற்றம் சாட்டுகிறது என்பது எங்கள் வளவில் எழுதாத சட்டம். அந்தக் கடைசி வீட்டைத்தான் நெடுநாள் பூட்டிக் கிடந்தபின் செல்லக்கிளிக்கு விட்டிருந்தார்கள்.

"உடச்சவள காலு தேடுது," என்று சண்முகவடிவு கிணற்றடியில் சொன்னாள். "நல்லாப் பாத்துக்கிடுங்க, எங்க போய் நிக்கின்னு."

அதன்பின் வந்த காலைகளை நினைத்தால் எனக்கு இன்றும் வாய் கசக்கிறது. ஒவ்வொருவரும் தம் கோலத்தைப் போட்டுவிட்டு, அடுத்தவர் கோலத்தைக் காவல் காத்தார்கள். கால் ஒரு வாசலில் கூடுதலாக ஒரு நொடி நின்றால் அந்த வீட்டு உலக்கையில் பூனை முடி ஒட்டியிருக்கிறதா என்று யாராவது உலக்கை இரவல் கேட்டு வருவார்கள். சுடலைமணிக்கு எதையும் காலால் தள்ளுகிற வழக்கம் இருந்ததால், அவன் செருப்பைக் கழற்றிவைத்த நேரங்களில் அதை நிமிர்த்திப் பார்த்தவர்கள் உண்டு. வளர்த்தவரே ஆத்திரத்தில் உடைத்துவிட்டு அழுகிறார் என்றும் ஒரு பேச்சு கிளம்பி, அவர் காதுவரை போய்த் திரும்பி வந்தது. நானும் தப்பவில்லை.

"டீச்சர், நீங்க ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டீங்க," என்றாள் பூரணம், தண்ணீர் இறைத்துக்கொண்டே. "என்னத்துக்குச் சொல்லுதேன்னா, உங்க வாசல்ல இன்னைக்கு ரொம்ப நேரம் நின்னுச்சு."

"தயிர்ச்சோறு வைக்கிற வாசல். நிற்காதா?"

"அதைத்தான் நானும் எல்லார்ட்டயும் சொல்லுதேன்."

எல்லாரிடமும் சொல்கிறாள் என்றால் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள் என்று பொருள். அன்று மாலை நான் அவளுக்குக் கறிவேப்பிலை கொடுக்கவில்லை.

கோலங்களும் மாறின. சிலர் சின்னதாகப் போட்டார்கள். பூரணம் புள்ளி மட்டும் வைத்து இழையை விட்டுவிட்டாள். செல்லக்கிளி கோலம் போடுவதையே நிறுத்தினாள், அதுவே அவளுக்கு எதிராயிற்று. மாவு இல்லாத அவள் வாசலுக்கும் கால் மற்றவர்கள் மாவைச் சுமந்து வந்து, படியேறி உள்ளே போயிற்று. சண்முகவடிவின் கோலம் மட்டும் நாளுக்கு நாள் அகன்றது. காவிக்கரை கட்டினாள், மூலைக்கு மூலை தாமரை வைத்தாள். கால் அந்தப் பக்கமே வருவதில்லை. கேட்டை நெருங்குமுன் கிணற்றைச் சுற்றி அகன்ற வளைவாகத் திரும்பிவிடும்.

"என் வாசல்ல ஒரு புள்ளி கலைஞ்சிருக்கா, பாருங்க!" என்று அழைத்து அழைத்துக் காட்டினாள்.

"சுத்தமான வாசல்னா அதுக்கும் தெரியுது மைனி," என்றாள் பூரணம்.

"காலுக்கு வாடகை பாக்கி இருக்கும்போல. அதான் உங்க முகத்துல முழிக்க மாட்டேங்கு," என்றார் ராயன் அண்ணாச்சி. சிரித்தவர்கள் சண்முகவடிவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

தினமும் போய் அதிக நேரம் தங்கியது கடைசி வீட்டில்தான். தையல் மிஷினின் மிதிபலகைவரை தடம் போகும், அங்கே முடியும். "அது என் மிஷினுக்குக் கீழதான் மத்தியானம் படுக்கும்க்கா, துண்டுத் துணில," என்று செல்லக்கிளி சொல்லிப் பார்த்தாள். மிஷின் ஓடுகிற சத்தத்தில் பூனை தூங்குமா என்று கேட்டார்கள். தூங்கும் என்றாள். தூங்காது என்று முடிவாயிற்று. தீபாவளிக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்தவர்கள், தெருவிலிருந்தும் வளவிலிருந்தும், ஒவ்வொருவராக வந்து துணியைத் திருப்பி வாங்கிப் போனார்கள். சண்முகவடிவு தன் மாம்பழ மஞ்சள் துணியை வாங்கும்போது, வெட்டிவிட்டாயா என்று விரித்துப் பார்த்தாள். தீபாவளித் தையலில்தான் ஒரு தையற்காரி பாதி ஆண்டை ஓட்டுவாள். அதையும் பறித்து வீட்டையும் பறித்தால், புருஷனை விட்டு வந்தவளுக்கு இந்த ஊரில் வேறு யாரும் கதவு திறக்கப் போவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்த ஞாயிற்றுக்கிழமை கிணற்றடியில் கூடினார்கள்.

முதல் நாள் பெய்த மழையில் தரை ஊறியிருந்தது. ராயன் அண்ணாச்சி கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து துவைகல்லில் வைத்திருந்தார். சீனி, விலா எலும்புகளுக்கு நடுவிலிருந்து எல்லாரையும் பார்த்தது.

"தீபாவளிக்கு முந்தி வீட்டக் காலி பண்ணிரு," என்றாள் சண்முகவடிவு. குரலை உயர்த்தவில்லை. "வாயில்லாச் சீவன் காலை ஒடிச்சவள வச்சுக்கிட்டு நாங்க விளக்கேத்த முடியாது."

"நான் ஒடிக்கலக்கா."

"அப்ப காலு பொய் சொல்லுதா?"

ராயன் அண்ணாச்சி தொண்டையைக் கனைத்தார். "ஏட்டி, உண்மையச் சொல்லிரு. நான் ஒண்ணுஞ் செய்ய மாட்டேன். எனக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

"சீனி மேல சத்தியமா இல்ல மாமா."

"போறதுக்கு இடமா இல்ல ஒனக்கு?" என்றாள் சண்முகவடிவு. "எட்டயபுரத்துல புருஷன் வீடு இருக்குல்லா? மகராசியாப் போய் இரேன். ஏன் போக மாட்டேங்க? அதச் சொல்லு மொதல்ல. அதுலயே தெரிஞ்சுபோகும் ஒன் யோக்கியத."

செல்லக்கிளி எப்போதும் தானே தைத்த முழுக்கை ஜாக்கெட்டுதான் போடுவாள், புழுக்கத்தில்கூட. அன்று இடது கையின் துணியை முழங்கைக்கு மேல் மெதுவாக ஏற்றினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் உருகி உறைந்ததுபோல் சுருங்கி இருந்தது.

"சூடு கண்ட பூனை அடுப்பண்டை சேருமாக்கா?" என்றாள்.

குழந்தைக்குச் சோறு ஊட்டும்போதுகூட எங்கள் வளவில் சொல்கிற பழமொழிதான். மருந்து குடிக்க மறுப்பவனுக்குச் சொல்வோம், கடன் கொடுத்து ஏமாந்தவனுக்குச் சொல்வோம். நானே ஆயிரம் முறை சொல்லியிருப்பேன். பூனைக்கு மட்டும் யாரும் அதுவரை சொல்லவில்லை. அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்த தலைகள் அவளைவிட்டு நகர்ந்தன. முதலில் சுடலைமணி, பிறகு பூரணம், பிறகு ஒவ்வொருவராக, ஒருவர் கழுத்தை மற்றவர் கழுத்து இழுப்பதுபோல, கேட்டை ஒட்டிய அந்தப் பெரிய கோலத்தின் பக்கம் திரும்பினார்கள். காவிக்கரை, மூலைத் தாமரை, ஒரு புள்ளி கலையாத வெண்மை. தடம் அதுவரை வந்து, அடுப்பைக் கண்டதுபோல் அகன்று, கிணற்றைச் சுற்றித் திரும்பிய வளைவு, காலையில் விழுந்தது, ஈரத்தில் இன்னும் அழியாதிருந்தது. நாய்தான் குற்றவாளியைத் தேடிப் போகும். நாங்கள் பூனையின் காலுக்கு நாயின் புத்தியைக் கொடுத்து வைத்திருந்தோம்.

சண்முகவடிவும் திரும்பித் தன் கோலத்தைப் பார்த்தாள். அவ்வளவு நாளும் அதை அவள் வாசலுக்குள்ளிருந்தே பார்த்திருக்க வேண்டும்.

"கேட்டு காத்துல சாத்திக்கிட்டு," என்றாள்.

கேட்டைப் பற்றி அதுவரை யாரும் ஒரு சொல் பேசியிருக்கவில்லை. காற்றைப் பற்றி நான் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன்.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். ராயன் அண்ணாச்சி கூடையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, "மீன் வாயோட உங்க நடைப்படியில ஏறிச்சோ மைனி?" என்று மட்டும் கேட்டார். அவள் தலையசைத்ததுபோல் இருந்தது. விரட்டினேன், கேட்டுக்கு ஓடியது, பார்க்காமல் சாத்தினேன், பாவத்துக்குப் பயந்துதான் சொல்லவில்லை என்று பின்னொரு நாள் என்னிடம் சொன்னாள். அந்தக் கேட்டைப் பார்க்காமல் சாத்த இயலாது. கொண்டி மாட்டக் குனிய வேண்டும். அதை நான் அவளிடம் சொல்லவில்லை, நம்பியதாகவும் சொல்லவில்லை.

செல்லக்கிளி துணியை இறக்கிவிட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனாள். சிறிது நேரத்தில் மிஷின் சத்தம் கேட்டது. தைக்கத் துணி ஒன்றும் இல்லாத மிஷின், வெறும் மிதிப்பில் ஓடிய சத்தம். அதைக் கேட்டுச் சீனி கூடைக்குள் கண்ணை மூடியது. மிஷின் சத்தத்தில் பூனை தூங்கும் என்பதை வளவு முழுவதும் நின்று பார்த்தது.

கார்த்திகையில் கட்டுப் பிரித்தார்கள். அன்று முதல் தடங்கள் நான்காக விழுந்தன; தனிக்கால் அதற்குப் பிறகு வரவில்லை. ஆனால் நான்கு காலும் சேர்ந்தே கேட்டருகில் வளைந்து, கிணற்றைச் சுற்றிப் போயின.

இனி, யார் யார் எதைக் கொடுத்தார்கள் என்பது. ராயன் அண்ணாச்சி புரட்டாசியிலேயே தம் நெஞ்சின் படத்தைக் கொடுத்துவிட்டார். அடுத்த முறை இருமலுக்குப் போனபோது மருத்துவர் பழைய எக்ஸ்ரே எங்கே என்று கேட்க, பூனை போட்டுக் கிழித்துவிட்டது என்றாராம். பூரணம் தீபாவளிக்கு முந்தின வாரம் தன் துணியோடு தெருவில் இருவர் துணியையும் வாங்கிக்கொண்டு கடைசி வீட்டுக்குப் போனாள். போகுமுன் என்னிடம் கறிவேப்பிலை கேட்டாள், கொடுத்தேன். சண்முகவடிவு மாம்பழ மஞ்சளைத் தீபாவளி கழித்துத்தான் கொண்டுபோனாள், தைப்பதற்கு அவசரம் இல்லை என்று சொல்லி. செல்லக்கிளி அளவெடுக்காமலே தைத்தாள். மனத்தில் அளவு இருந்தது. கார்த்திகை முதல் நாள் தொடங்கி ஒவ்வொரு காலையும், மீன் வாசனைக்குத் தலை முழுகுகிற அந்தப் பெண்பிள்ளை, மீன்காரி கூடையில் தானே குனிந்து, புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு சாளை வாங்கி, ஒரு சிரட்டையில் தன் படியோரம் வைத்தாள். காக்கை தின்றது. சீனி வரவில்லை. அவள் வைப்பதை நிறுத்தவும் இல்லை.

தை மாதத்து இரண்டாம் வெள்ளிக்கிழமை, பால்காரன் வருமுன் நான் கேட்டைத் திறக்கப் போனேன். சண்முகவடிவு கோலம் போட்டுவிட்டு உள்ளே குளித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தாமரைக்கும் படிக்கும் நடுவில், மாவில் அழுத்தமாக, ஒரே ஒரு பாதத் தடம், உள்நோக்கி.

சந்தேகப்படுவது எனக்குப் பழக்கம். குனிந்து பார்த்தேன். முட்டியின் பக்கவாட்டு ஒற்று. அதற்கு மேல், வரிசையாக, பூனைக்கு நான்கே உள்ள இடத்தில், ஐந்து புள்ளிகள். கை தன் வழக்கத்தை விடவில்லை.

பூரணம் கதவின் தாழ் விலகும் சத்தம் கேட்டது. ராயன் அண்ணாச்சி வாசலில் சீனி உடலை நெளித்து எழுந்துகொண்டிருந்தது. எல்லாரும் வந்து பார்ப்பார்கள். எண்ணவும் எண்ணுவார்கள், எங்கள் வளவில் எண்ணக் கற்றுக்கொண்டிருந்தோம்.

நான் கொடுத்தது இவ்வளவே: அந்த வெள்ளிக்கிழமை, விடிந்தும் விடியாத பொழுதில், சுண்டுவிரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, ஐந்தாவது புள்ளியை அழித்தேன்.